பாதி நிலைமம்

அந்தப் படத்தை அச்சடித்துக் கொடுத்தது நான்தான். ஒன்றிரண்டு இல்லை, நாற்பத்திரண்டு. நோட்டில் ஒட்டுகிற அளவு, பளபளப்புத் தாள், கலர். ஓரம் கோணக்கூடாது என்று ஸ்கேல் வைத்து வெட்டினேன். வெட்டும்போது வயிறு வலிக்கச் சிரித்தேன் வேறு. அதனால் பின்னால் நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு, இல்லையென்று கை கழுவ மாட்டேன்.

பள்ளிக்கூட வாசலுக்கு நேர் எதிரே என் ஜெராக்ஸ் கடை. வீடு இரண்டு தெரு தள்ளி, மாடியில். கீழ்வீட்டில் டீச்சரும் அவள் வீட்டுக்காரரும் மகளும். அவள் எதிர்ப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர், அவர் வாஷிங் மெஷின் மெக்கானிக். தெருவில் அவர்களுக்கு அதற்குமேல் பெயர் தேவைப்பட்டதில்லை. மகளுக்கு ஒன்பது வயது. வீட்டில் குட்டி என்றார்கள், நாங்களும் குட்டி என்றோம்.

அந்த வீட்டு முன்னறையில் கால் வைக்க இடம் பார்த்துத்தான் வைக்கவேண்டும். கழற்றிப் போட்ட டிரம் இரண்டு, சுவரில் வரிசையாக ஆணி, ஆணிக்கு ஆணி பெல்ட், பழைய பிஸ்கட் டப்பாவில் திருகு. ஈரமும் கிரீஸும் சோப்பும் கலந்த ஒரு வாசனை எப்போதும் இருக்கும். எந்த மெஷின் மூடியோடு நிற்கிறதோ அதன்மேல்தான் டீச்சர் விடைத்தாள் திருத்துவாள். இத்தனைக்கும் நடுவே ஒரே ஒரு சோபா, அதில் அவர் உடம்பு அளவுக்கு ஒரு பள்ளம். அதில் வேறு யாரும் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் பிடிக்கவேண்டும்.

டீச்சருக்கு அந்த வருஷம் ஒன்பதாம் வகுப்பைக் கொடுத்திருந்தார்கள். வாயே திறக்காத வகுப்பு என்று ஆசிரியர் அறையில் அதற்குப் பெயர். புரிந்ததா என்று கேட்டால் நாற்பத்திரண்டு தலையும் ஆடும். கேள்வி கேட்டால் நாற்பத்திரண்டு தலையும் குனியும். ஒருநாள் கடைசி வரிசைப் பெண் ஒருத்தியிடமிருந்து போனைப் பிடுங்கினாள். பார்த்தால் அதில் டீச்சர் படமே இருந்தது. கரும்பலகையில் சூத்திரம் எழுதிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறாள், மேலே ‘புரிஞ்சுதா?’ என்று எழுத்து. கீழே ஓர் ஆட்டு மந்தை மொத்தமாகத் தலையாட்டுகிறது.

வேறு டீச்சராக இருந்தால் அப்பா அம்மாவைக் கூட்டிவா என்றிருப்பாள். இவள் ஆசிரியர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாளாம். மறுநாள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, இதே மாதிரி மிதப்பு விசைக்கு ஒன்று செய்ய முடியுமா என்று கேட்டாள். அந்தப் பெண் ஒரு பூனையைத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, ‘தண்ணிக்குள்ள எடை குறைஞ்சிடுச்சாம், பசி குறையலையே’ என்று எழுதிக்கொண்டுவந்தது. வகுப்பு குலுங்கியது. சிரித்த வாயை மூடுவதற்குள் டீச்சர் கேள்வியைக் கேட்டுவிட்டாள், பதிலும் வந்துவிட்டது. அதன் பிறகு பாடத்துக்கு ஒரு மீம். வகுப்பில் பெரிய திரை எதுவும் கிடையாது, ஆகவே எல்லாம் என் கடை மிஷினில்தான் பிறந்தது.

தலைமையாசிரியை சிரிப்புக்கு எதிரி இல்லை. ஆனால் எதற்கும் காரணம் கேட்கிற மனுஷி. பரீட்சையில் எழுதினால் சரி, சிரித்துவிட்டு மட்டும் போனால் சரியில்லை என்று ஆரம்பத்திலேயே சொல்லி வைத்திருந்தார்.

அப்போதுதான் மழை பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் வெயில் கண்ணில் படவில்லை. கொடியில் போட்ட துணி நாலு நாளானாலும் காயாமல் ஒரு வாடை அடித்தது. ஊரிலிருக்கிற மெஷின் எல்லாம் பகலெல்லாம் ஓடி, ஒவ்வொன்றாக மூச்சை விட்டது. மெக்கானிக் காலையில் ரொட்டியை நின்றபடியே விழுங்கிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடுவார். மாடிப்படி ஏறி இறங்கி, மெஷினைத் தனியாளாகச் சாய்த்து, குளியலறை ஈரத்தில் மல்லாந்து படுத்துத் திருகு கழற்றி, இருட்டும்போது திரும்புவார். அந்த வாரம் மட்டும் பதினாலு மெஷின். இதை அவர் சொல்லவில்லை, குட்டி விரல் விட்டு எண்ணிச் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை அவர் சோபாவில் விழுந்தார். வாய் திறந்தபடி, ஒரு கை தரையைத் தொட, ஒரு செருப்பு காலிலேயே இருக்க, அப்படி ஒரு தூக்கம். டீச்சர் பெருக்கிக்கொண்டே வந்து, காலைத் தூக்குங்க என்று விளக்குமாற்றால் சோபாவைத் தட்டினாள். குட்டி அந்த நேரம் பார்த்து அம்மா போனில் ஒரு படம் எடுத்துவிட்டது. படத்தில் டீச்சரின் முகம் இல்லை, கையும் விளக்குமாறும் மட்டும் ஓரமாக விழுந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை பாடம் நிலைமம். மேலே ‘ஓய்வில் இருக்கும் பொருள்’, கீழே ‘வெளியிலிருந்து விசை வராதவரை எழாது’, விளக்குமாற்றுக்கு ஓர் அம்புக்குறி போட்டு ‘விசை’. அவள் போனிலிருந்து என் மிஷினுக்கு வந்தபோது, மெக்கானிக் தம்பியிடம் கேட்டாயா என்று நான் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. எத்தனை வேண்டும் என்றுதான் கேட்டேன்.

ஆறு நாள் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த திங்கட்கிழமை அவர் ஒரு வீட்டுக்கு மெஷின் பார்க்கப் போனார். கதவைத் திறந்தது ஒன்பதாம் வகுப்புப் பெண். அவரைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடி, “அம்மா, நிலைமம் வந்திருக்காரு” என்றது. அம்மாக்காரி புரியாமல் விழிக்க, நோட்டை எடுத்துவந்து காட்டியது. ஸ்பானரோடு நின்றவர் தன் திறந்த வாயைத் தானே பார்த்தார். அந்த அம்மாள் நல்ல மனசுக்காரிதான், சும்மா விளையாட்டாக, “முடிச்சுக் குடுத்துட்டுத்தானே போவீங்க, நடுவுல தூங்கிட மாட்டீங்களே” என்றாள். அவரும் சிரித்துவிட்டு மெஷினை முடித்துக் கொடுத்துவிட்டு வந்தார். டீக்கடைக்கு வந்தால் அங்கேயும் ஒருத்தன் தன் பிள்ளையின் நோட்டைப் பார்த்துவிட்டிருந்தான். வாங்க நிலைமம் என்றான்.

வீட்டுக்கு வந்து அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பாத்திரம் ஒன்று உடைந்து, டீச்சர் கொஞ்சம் அழுது, ராத்திரிச் சாப்பாட்டோடு சரியாகியிருக்கும். இந்த மனுஷர் பேச்சை நிறுத்திவிட்டார். அத்தோடு சோபாவில் உட்காருவதையும் நிறுத்திவிட்டார். கவிழ்த்துப் போட்ட ஒரு டிரம்மின் மேல் உட்கார்ந்து டீ குடித்தார், அதன் மேலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். சோபா அறை நடுவே அந்தப் பள்ளத்தோடு காலியாகக் கிடந்தது. பார்க்கவே எனக்கு என்னவோபோல் இருந்தது. டீச்சர் இரண்டு தடவை பேச்சுக் கொடுத்தாள். இரண்டு தடவையும் உப்பு போதுமா என்பதற்குக்கூடத் தலையைத்தான் ஆட்டினார். அந்த ஆட்டு மந்தைப் படம் ஞாபகம் வந்தது என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

கெட்ட காலம் தனியாக வராமல் மறுநாளே வகுப்புத் தேர்வையும் கூட்டிக்கொண்டு வந்தது. புதன்கிழமை காலை தலைமையாசிரியை விடைத்தாள் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு டீச்சரைக் கூப்பிட்டார். நாற்பத்திரண்டு பேரில் முப்பத்தொன்பது பேர் நிலைமத்தை ஒரே மாதிரி தப்பாக எழுதியிருந்தார்கள், மிச்சம் மூன்று பேர் எழுதவே இல்லை. தலைமையாசிரியை திட்டவில்லை, வெள்ளிக்கிழமை தானே வகுப்புக்கு வந்து கேட்பதாகச் சொன்னார். அன்றைக்கும் இதே பதில்தான் என்றால் மீமையெல்லாம் மூட்டைகட்டிவிட்டு, ஒன்பதாம் வகுப்பை வேறு டீச்சரிடம் கொடுத்துவிடவேண்டியதுதான் என்றும் சொன்னார். வாய் திறக்காத வகுப்பை வாய் திறக்கவைத்தவள் அவள். அதைப் பிடுங்கிக் கொடுத்தால் பாதி உயிர் போய்விடும் அவளுக்கு. எனக்கு அது தெரியும்.

அன்று சாயங்காலம் நான் கீழே போனேன். என் மெஷின் பேரிங் போய், ஒரு வாரமாக அவர் வீட்டில்தான் கிடந்தது. ஒரு வாரத்துத் துணி என் வீட்டில் வாளியில். டீச்சர் மூடிபோட்ட மெஷின்மேல் தாள்களைப் பரப்பிக்கொண்டு நின்றிருந்தாள், கண் சிவந்திருந்தது. மெக்கானிக் தரையில் உட்கார்ந்து என் மெஷினின் டிரம்மோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இருவருக்கும் நடுவே நாலடி தூரம், அதில் சோபா.

“இதைக் கேளுங்கக்கா” என்று டீச்சர் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். “நிலைமம் என்பது எழுந்திருக்க மனம் வராமல் இருப்பது. இது முதல் மார்க் வாங்குற பிள்ளை. நிலைமம் உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமை சோபாவில் காணப்படுவர். நிலைமத்தைப் போக்க விளக்குமாறு பயன்படுகிறது.”

எனக்குச் சிரிப்பு முட்டியது. மெக்கானிக் முதுகைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

“இன்னொண்ணு இருக்கு. ஓடும் பேருந்து திடீரென நின்றால் பயணிகள் முன்னால் சாய்வது ஏன்னு கேட்டிருந்தேன். முப்பத்தொன்பது பேரும் ஒரே பதில்.” அவள் குரல் உடைந்தது. “அவர்கள் தூங்கிக்கொண்டிருந்ததால்.”

அதற்குமேல் என்னால் முடியவில்லை, சிரித்துவிட்டேன். டீச்சரும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமைக்குள் இதை எப்படித் திருத்துவது என்று தெரியவில்லை, அந்தப் படம் மண்டைக்குள் பசைபோட்டு ஒட்டிக்கொண்டுவிட்டது, அதை உரித்து எடுக்க வழியில்லை என்றாள்.

மெக்கானிக் புதுப் பேரிங்கைத் தட்டி உட்காரவைத்து, டிரம்மைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். சத்தமே இல்லாமல் அது சுற்றியது.

“பாதிதான் சொல்லிக் குடுத்திருக்க” என்றார்.

மூன்று நாளில் அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. டீச்சர் தாளைக் கீழே வைத்தாள்.

“எதை?”

“அதைத்தான், நிலைமத்தை.” அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்கும்போது எனக்கு உடம்பு கூசியது. “இங்க பாரு. மோட்டார் இல்ல, பெல்ட் இல்ல, கையையும் எடுத்துட்டேன். ஏன் நிக்க மாட்டேங்குது?”

டிரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

“பழைய பேரிங்கா இருந்தா உரசி உரசி அதுவே நிறுத்திடும். இது புதுசு. நிறுத்த ஆளில்ல, அதான் ஓடுது. படுத்தது தானா எழுந்திருக்காதுன்னு சொன்னியே, ஓடுறது தானா நிக்காதுங்கறதை யாரு சொல்றது?”

“ரெண்டையும்தாங்க போர்டுல எழுதினேன். புத்தகத்துலயே இருக்கு.”

“போர்டுல எழுதின. படத்துல?”

அவள் டிரம்மிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள்.

“படத்துல சிரிப்பு வந்த பாதியை மட்டும் வச்சேன்” என்றாள்.

“ஆறு நாள் ஓடினேன். அது ஒருத்தருக்கும் தெரியாது. ஏழாவது நாள் படுத்தேன். அது நாப்பத்திரண்டு நோட்டுல இருக்கு.” அவர் குரலை உயர்த்தவே இல்லை. “கேட்டிருந்தா நானே வாயைத் திறந்துகிட்டுப் படுத்துக் காட்டியிருப்பேன். கேக்கல பாரு, அதுதான்.”

“கேட்டிருக்கணும்” என்றாள் டீச்சர். “தப்பு என்னோடது. சாக்குச் சொல்ல மாட்டேன்.”

என் வெட்டும் ஸ்கேல் ஞாபகத்துக்கு வந்து, என் பங்குக்கு நானும் மன்னிப்புக் கேட்டேன். உங்க மெஷின் நாளைக்கு ரெடியாயிடும்க்கா என்று மட்டும் சொன்னார். அது மன்னித்ததற்கு அடையாளமா, என்னைக் கிளப்புவதற்கா என்று தெரியாமல் மாடியேறினேன்.

மறுநாள் காலை மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. கீழே தடதடவென்று சத்தம். எட்டிப் பார்த்தால் மெக்கானிக் பையை மாட்டிக்கொண்டு வாசல் நடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டிருக்கிறார், குட்டி போனைப் பிடித்துக்கொண்டு குந்தியிருக்கிறது.

“அப்பா, இன்னும் வேகமா. கால் ரெண்டும் தரையிலயே இருக்கு.”

“உங்கப்பனுக்கு இறக்கையா இருக்கு?” என்று சொல்லிக்கொண்டே திரும்ப ஓடினார். எடுக்கச் சொன்னது அவர்தான் என்று பிறகு குட்டி சொல்லித் தெரிந்துகொண்டேன். விடிந்ததும் போனை எடு என்றாராம். நாலாவது ஓட்டத்தில், டீச்சர் உள்ளேயிருந்து ரொட்டியும் முட்டையும் வைத்த தட்டோடு வந்து, அவர் மார்புக்கு நேரே நீட்டினாள். அவளுக்குப் படம் எடுக்கிற சங்கதியே தெரியாது. முட்டை ஆறுகிறது, சாப்பிட்டுவிட்டு ஓடுங்க என்று சொல்லத்தான் வந்தாள். குட்டி அமுக்கிவிட்டது.

அன்று மத்தியானம் டீச்சர் கடைக்கு வந்து போனை நீட்டினாள். நான் மிஷினைத் தொடவில்லை. “தம்பிகிட்டக் கேட்டியா?” என்றேன்.

“அவரே எழுதிக் குடுத்திருக்காருக்கா” என்று ஓர் அட்டைத் துண்டைக் கொடுத்தாள். மெஷின் வாங்கிய யாரோ எறிந்த அட்டைப்பெட்டி ஓரம், கிரீஸ் விரல் தடத்தோடு. ‘இயக்கத்தில் இருக்கும் பொருள். வெளியிலிருந்து விசை வராதவரை நிற்காது.’ தட்டுக்கு அம்பு போடவேண்டிய இடத்தையும் பென்சிலால் குறித்திருந்தார்.

பெரிய தாளில் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு அச்சடித்தேன். மிஷின் அந்த நேரம் பார்த்து மழை ஈரத்துக்குத் தாளை இழுக்கமாட்டேன் என்றது. ஒருவழியாக வெள்ளிக்கிழமை காலை மணி அடிக்கும்போதுதான் சரியாக வந்தது. ஈரம் ஆறாத மையோடு நானே தூக்கிக்கொண்டு ஓடினேன். வகுப்பில் தலைமையாசிரியை ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். கொடுத்துவிட்டுத் திரும்பப் போன என்னை, நில்லுங்கள், ஒட்டிவிட்டுப் போங்கள் என்றார். ஆகவே என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

இடதுபக்கம் சோபாவில் திறந்த வாய். வலதுபக்கம் பையோடு ஓடுகிற மனுஷர், கால் இரண்டும் மங்கலாக, வாய் அதே அளவு திறந்திருக்கிறது. இரண்டு படத்திலும் ஓரத்தில் ஒரே கை, ஒரே வளையல். ஒன்றில் விளக்குமாறு, ஒன்றில் முட்டைத் தட்டு. பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு குறைந்து, இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். டீச்சர் ஒரு வார்த்தை விளக்கவில்லை. பேசினால் தலைமையாசிரியை அதைச் சொல்லிக்கொடுத்த பதில் என்பார் என்ற பயம். சாக்பீஸைக் கையில் வைத்து நசுக்கிக்கொண்டிருந்தாள்.

தலைமையாசிரியை கடைசி வரிசையைக் காட்டினார். ஆட்டு மந்தைப் படம் போட்ட அதே பெண் எழுந்தது.

“நிலைமம்னா என்ன?”

“படுத்திருக்கிறவர் தானா எழமாட்டாரு மேடம். ஓடுறவரும் தானா நிக்கமாட்டாரு. ரெண்டுக்கும் வெளியிலேர்ந்து ஒரு விசை வரணும்.”

“அப்ப பஸ் நின்னா ஏன் முன்னால சாயறோம்?”

அந்தப் பெண் வலதுபக்கப் படத்தைப் பார்த்தது. “பஸ்ஸுக்கு பிரேக் போட்டாச்சு, நமக்கு யாரும் போடலையே மேடம். நாம ஓடிக்கிட்டேதான் இருக்கோம்.”

தலைமையாசிரியை விடுவதாக இல்லை. எழுந்துபோய் சோபாப் படத்தில் விரலை வைத்தார். “அப்ப இவர் சோம்பேறி இல்லையா? தேர்வுல அப்படித்தானே எல்லாரும் எழுதினீங்க?”

“இல்ல மேடம்” என்றது அந்தப் பெண். “ரெண்டும் ஒரே ஆள்தான். அவ்வளவு ஓடினதாலதான் இப்படிப் படுத்திருக்காரு.”

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தலைமையாசிரியை இன்னும் நாலு பேரைக் கேட்டார், நாலு பேரும் சரியாகச் சொன்னார்கள். ஒருத்தன் கேட்காமலே எழுந்து சைக்கிளை வைத்து ஓர் உதாரணம் சொன்னான். அதற்குப் பிறகுதான் அவர் முகம் தளர்ந்தது. உங்கள் வகுப்பை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் இனிமேல் படத்தில் இருக்கிற ஆளிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள் என்றார். கேட்டாச்சு மேடம் என்றாள் டீச்சர். வாசல்வரை போன தலைமையாசிரியை திரும்பி நின்று, தன் வீட்டு மெஷினும் பத்து நாளாக உறுமுகிறது, அவர் ஓடுகிற வழியில் ஒரு நடை வரமுடியுமா என்று கேட்டார்.

அன்றைக்கு டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து நடந்துபோனாளா பறந்துபோனாளா என்று தெரியாது, என் கடையைக் கடந்தபோது குடையை விரிக்கவே மறந்திருந்தாள். டீக்கடையில் இன்னும் அவரை நிலைமம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் இப்போது, எந்தப் பாதி என்று கேட்கிறாராம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் என் மெஷினைக் கேட்கக் கீழே போனேன். வியாழக்கிழமை ரெடியாகிவிடும் என்ற மெஷின். வாளியில் துணி இரண்டாவது வாரமாக ஊறிக்கொண்டிருந்தது, நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று கிளம்பியிருந்தேன். கதவு திறந்திருந்தது. கவிழ்த்துப் போட்ட டிரம்மில் யாரும் இல்லை. சோபாப் பள்ளத்தில் அவர் வாய் திறந்தபடி, ஒரு கை தரையைத் தொட, ஒரு செருப்பு காலிலேயே இருக்கத் தூங்கிக்கொண்டிருந்தார். குட்டி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் படம் வரைந்துகொண்டிருந்தது.

டீச்சர் விளக்குமாற்றோடு சமையலறையிலிருந்து வந்தாள். என்னைப் பார்த்ததும் வாயில் விரலை வைத்தாள். அறை முழுக்க மெள்ளப் பெருக்கி, சோபாவிடம் வந்ததும் நின்று, தரையில் கிடந்த அவர் கையைச் சுற்றிப் பெருக்கிவிட்டு, விளக்குமாற்றைக் கதவுக்குப் பின்னால் சாத்தினாள்.

நானும் ஒன்றும் சொல்லாமல் மாடிக்குப் போய், துணியைக் கையாலேயே கசக்கிப் போட்டேன்.